சிலுவையை இறக்கிய இடம்

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் தேர்பவனி முடிந்த இரவு, இரண்டு தெரு தள்ளி, டீக்கடை முனையில் ஜெஸ்வின் என்ற சுமை தூக்கும் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். வயது இருபத்தாறு. அன்று மாலை அவர் மாதாவின் தேருக்குத் தோள் கொடுத்திருந்தார். அவருடைய தெருக்காரர்கள் அந்தத் தேரைத் தொடுவது வழக்கமில்லை.

அடுத்த ஆண்டு பெரிய வெள்ளி. விடியுமுன்னே வெங்காய மண்டி வாசலில் லாரி நின்றது. மண்டியின் எட்டுச் சுமைகாரர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாஸ் குனிந்து முதுகு கொடுத்தார். மேலிருந்த இருவர் மூட்டையைச் சரித்தார்கள். சாக்கில் கொக்கி இறங்கியது. ஈரச் சணலும் அழுகிய வெங்காயமும் கலந்த நெடி. பிடரியில் ஒட்டிய சருகு அரித்தது. சொறியக் கை ஒழியவில்லை. மண்டிக்குள் போகும் பலகையில் அவர் ஏற, அடுத்த மூட்டையோடு அடைக்கலம் பின்னால் வந்தார்.

ஓரமாக உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் இருதயமேரி, ஜெஸ்வினின் தாய்.

மண்டி முதலாளி மரியசூசை வந்தார். பங்குப் பேரவைத் துணைத்தலைவரும் அவர்தான்.

"ஸ்தனிஸ்லாசு, சாயங்காலம் சிலுவைப்பாதைக்கு எட்டுப் பேரும் வந்துடணும். பெரிய சிலுவை. உங்கள விட்டா யாராலயும் தூக்க முடியாது."

"வந்துடுறோம் மொதலாளி. நாலாம் ஸ்தலம் எங்க?"

"ஸ்கூல் வாசல்ல."

"வருஷா வருஷம் டீக்கடை முனையிலதானே நின்னு செபம் பண்ணுவோம்? மாதா மகனச் சந்திக்கிற ஸ்தலம்."

"இந்த வருஷம் அந்த முனையில நிக்காமப் போறோம்."

இருதயமேரி எழுந்து வந்தார். "அய்யா, அங்க நின்னு எம் புள்ள பேர ஒரு தடவ சொல்லி செபம் பண்ணச் சொல்லுங்க. எதுக்கு வெட்டுனாங்கன்னும் சொல்லணும்."

"வழக்கு நடக்குதும்மா. பெரிய வெள்ளியில சாதியப் பேசலாமா?"

"தேருன்னா எங்க தோளு தீட்டு," என்றார் அடைக்கலம். "சிலுவைன்னா மட்டும் இனிக்குதா மொதலாளி?"

லாரி மேலிருந்தவர்கள் சிரித்தார்கள். மரியசூசை சிரிக்கவில்லை.

"நல்லாப் பேசுற. குடியிருக்கிற லைன் வீடு யாருதுன்னும் யோசிச்சுக்க. நான் வேணாம்னு சொன்ன ஆள எந்த மண்டிக்காரனும் வேலைக்கு ஏத்த மாட்டான்."

அது உண்மை. வேலை, வீடு, கோயில் மூன்றின் சாவியும் ஒரே இடுப்பில் இருந்தது.

அவர் போனதும் அடைக்கலம் சொன்னார்: "நீங்க போங்க. முனை வந்ததும் நான் மட்டும் நின்னுடுறேன்."

"கிறுக்கா உனக்கு? எட்டுத் தோளுல இருக்கிறத ஒருத்தன் விட்டா பக்கத்துல இருக்கிறவன் இடுப்பு போயிரும்," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "எறக்குனா எட்டும் எறக்கணும்."

"எம் பொண்ணுக்கு ஜூன்ல கல்யாணம்," என்றார் லூர்துராஜ், எட்டுப் பேரில் மூத்தவர்.

அடுத்த மூட்டை சரிந்தது.

மாலையில் தார் ரோடு இன்னும் சுட்டது. வெறுங்காலோடு எட்டுப் பேரும் சிலுவையைச் சுமந்தார்கள். காலையில் மூட்டை அழுத்திய இடத்திலேயே மரம் அழுத்தியது. மூன்று ஸ்தலங்கள் முடிந்தன. டீக்கடை முனை வந்தது. கடை மூடியிருந்தது. மரியசூசை முன்னால் நின்று, போய்க்கொண்டே இருங்கள் என்று கையை வீசினார்.

"எறக்கு," என்றார் ஸ்தனிஸ்லாஸ். மண்டியில் சொல்வதுபோல, சத்தமில்லாமல்.

ஒரு கணம் எதுவும் அசையவில்லை. முதலில் லூர்துராஜின் முழங்கால் மடங்கியது. பிறகு மற்றவை. சிலுவை ரோட்டில் இறங்கியது.

"தூக்குங்கடா!" என்று மரியசூசை கத்தினார். தூக்க வேறு ஆள் இல்லை.

பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்தபடி நின்றார். இருதயமேரி அந்த மைக்கைக் கேட்டு வாங்கவில்லை. சிலுவையின் தலைமாட்டில் நின்று தன் குரலிலேயே சொன்னார்:

"எம் மவன் பேரு ஜெஸ்வின். மாதா தேரத் தொட்டான்னு இந்த எடத்துல வெட்டுனாங்க."

பின்வரிசையில் பெண்கள் முழந்தாளிட்டார்கள். யாரும் சொல்லாமலே நாலாம் ஸ்தலச் செபத்தைத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை எட்டுப் பேரையும் இருதயமேரியையும் மண்டிக்குள் விடவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி லைன் வீடுகளுக்கு மரியசூசை ஆள் அனுப்பினார். வாசலில் நாசிக்கிலிருந்து வந்த வெங்காய லாரி நின்றது. சரக்கை இறக்கப் பக்கத்து மண்டி ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வந்தார்கள், வாசலில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்குப் பக்கத்தில் கொக்கிகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

மதியம் வரை மூட்டை இறங்கவில்லை.