அப்பாவின் ஜாம் பாட்டில்

இருபத்திரண்டாவது நாளாகத் திரையில் நேர்கோடு. அப்பாவின் சிறுநீரில் ஒரு சொட்டை சென்சார் பட்டையில் விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆன்டிபயாடிக் இருந்தால் கோடு மேடாக எழ வேண்டும். மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தால் சொன்ன பேச்சைக் கேட்டு எழுகிறது. மனித உடம்பிலிருந்து வந்ததைக் காட்டினால் படுத்தே கிடக்கிறது. நாலு வருஷ ஆராய்ச்சி. வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பட்டையை ஜன்னல் வழியே விட்டெறிந்திருப்பேன். என் கையால் பூசிச் செய்தது என்பதால் விட்டுவைத்தேன்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சர்க்கரை நோய், கால் கட்டைவிரலில் புண். ஆறு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. அதிலும் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையைத் தொடங்கியபோது வயிற்றைப் புரட்டுகிறது என்று அப்பா முனகினார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து, நான் கேட்டபடி, தினமும் காலையில் கழுவிய ஜாம் பாட்டிலில் தேதி ஒட்டி நீட்டுவார்.

"மாத்திரை போட்டாச்சாப்பா?"

"அதெல்லாம் டாண்ணு போட்டாச்சு. நீ உன் மெஷினைப் பாரு."

சாயங்காலம் என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "விடும்மா, இன்ஜின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும்" என்பார்.

"சிறுநீர்ல கண்டதும் கிடக்கும், ஏதோ ஒண்ணு மருந்தை மறைக்குது" என்றார் என் ஆராய்ச்சி கைடு. பட்டையின் பூச்சை மூன்று தடவை மாற்றினேன். இன்று வெறுத்துப்போய், ஆய்வகத்தில் இருந்த அதே மருந்தைக் கடுகளவு எடுத்து அப்பாவின் பாட்டிலிலேயே கலந்து பார்த்தேன். கோடு எழுந்தது. கூரான, அழகான மேடு. மறுபடி விட்டேன், மறுபடி எழுந்தது. எதுவும் எதையும் மறைக்கவில்லை.

துள்ளிக் குதிக்காத குறை. கைடுக்குப் போன் போட எடுத்தபோதுதான் உறைத்தது. சென்சார் சரியென்றால், இந்தப் பாட்டிலில் மருந்தே இல்லை. இருபத்திரண்டு பாட்டிலிலும் இல்லை. அதற்கு முன்னால் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. வழி முழுக்க அப்பாவைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அவர் கட்டிலில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டு போன வாரத்தைவிட ஈரமாக இருந்தது. ஜன்னலில் நாளைக்கான பாட்டில், தேதி ஒட்டித் தயாராக.

"என்னம்மா, இன்னைக்கும் கையை விரிச்சிடுச்சா?"

"இல்லப்பா. வேலை செய்யுது. முதல் நாள்லேர்ந்தே சரியாத்தான் செஞ்சிருக்கு."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, போர்வையை மெல்ல இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.