கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு நூல்

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து உள்ளே கார் வருவதற்கென்று ஒரு பாதை உண்டு. கார்தான் இல்லை. அப்பாவின் ஸ்கூட்டர், என் சைக்கிள், அம்மாவிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள், மழைத்தண்ணீர் ஆகியோர் அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். இவர்களில் கதவைத் தட்டாமல் உள்ளே வருவது மழைத்தண்ணீர் மட்டும்தான். எதிர்வீட்டு மாமாவையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேர்.

பாதை போய் முட்டும் இடத்தில் கார் ஷெட். கார் வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துப்போன அம்மா அதைத் தையல் அறையாக்கிக்கொண்டாள். ஷெட் என்பதால் தரை தாழ்வு. கேட் பக்கமோ மண் மேடு. ஆகவே மழை பெய்தால் தண்ணீர் விலாசம் விசாரித்து வந்ததுபோல் நேராகத் தையல் மெஷினின் காலடிக்கு வந்துசேரும். போன மழையில், தைத்து முடித்த திரைச்சீலைகள் கட்டோடு ஊறிச் சாயம் விட்டன. அன்றைக்கு அம்மா கத்தவில்லை. அதுதான் அப்பாவைப் பயமுறுத்தியது. மறுநாள் மாமாவின் செல்போன் கடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அறையின் சாவியை வாங்கிவந்து மெஷின் விளக்கில் தொங்கவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை தண்ணி உள்ள வரட்டும். மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

அப்பா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊர்க் கண்ணையெல்லாம் திருத்துகிறவர். சொந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடவில்லை. கிட்டத்தில் இருப்பது அம்மாவுக்கு மங்கல்தான். ஆனால் "கண்ணாடி போட்டா நான் கிழவின்னு நீங்களே முத்திரை குத்தின மாதிரி" என்று மறுத்துவிட்டாள். அதனால் தினமும் காலையில் அப்பா கடைக்குக் கிளம்புமுன் தையல் அறையில் உட்கார்ந்து, எல்லா ஊசிகளுக்கும் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவார். "என் தலையெழுத்து" என்று சலித்துக்கொண்டேதான் கோப்பார். சாவி தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து சலிப்பு நின்றுவிட்டது. பாதையை மட்டப்படுத்தி பேவர் பிளாக் கல் பதிப்பது என்று முடிவெடுத்தார்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த என்னிடம் ஒரு ஹோஸ் பைப் கொடுக்கப்பட்டது. மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கல்லூரியில் இதுவரை படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே வேலை இதுதான்.

வேலையை எடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாத்துக்கலாம். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். எப்போ ஆரம்பிப்பீங்க? பாத்துக்கலாம் சார். மழை வந்துட்டா? பாத்துக்கலாம் சார். ஒரு நாள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பாத்துக்கலாம் தம்பி" என்றார்.

ஆனால் முதல் நாள் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. புல்லையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்தார். ஷெட் வாசலில் ஒரு கம்பி, கேட் ஓரத்தில் ஒரு கம்பி அடித்தார். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, இரண்டுக்கும் நடுவே மஞ்சள் நூலை விறைப்பாகக் கட்டினார். ஷெட் பக்கம் உயரம், கேட் பக்கம் இறக்கம்.

"இதான் வாட்டம். கேட் பக்க மேட்டை வெட்டி ஷெட் பக்கம் கொட்டப் போறோம். தண்ணி தானா தெருவுக்கு ஓடிடும். நூலை மட்டும் யாரும் தொடக்கூடாது."

யாரும் தொடக்கூடாது என்று ஒரு பொருளைக் காட்டிவிட்டு எங்கள் குடும்பத்தை அதன் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனவர் அவர்தான். இதை நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது அப்பா ஷெட் வாசலில் குந்தியிருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையே பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கம்பியில் இருந்த முடிச்சைக் கொஞ்சம் கீழே தள்ளினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஷ்ஷ். இவ்ளோ உயரத்துக்கு மண்ணைப் போட்டு, அதுக்கு மேல பிளாக் போட்டா, ஷெட்டை ஒட்டி இருக்கிற நம்ம வீட்டுக் கருங்கல் படி என்னாகும்? முழுகிடும்டா. ஆசை ஆசையா போட்ட படி. உங்கம்மாகிட்ட சொல்லாத."

சாயங்காலம் அம்மா தையல் அறையைப் பூட்டிவிட்டு வந்தாள். நூலைத் தடவிப் பார்த்தாள். பார்வைக்குப் பதில் விரல். ஷெட் பக்க முடிச்சை மேலே ஏற்றினாள், அப்பா இறக்கியதைவிட அதிகமாகவே.

"தண்ணி ஓடணும்னா நல்லா சரிவா இருக்கணும்டா. இவங்க என்ன, வெக்கப்பட்டுக்கிட்டே சரிவு வெச்சிருக்காங்க. அப்பாகிட்ட சொல்லாத."

இடையில், மத்தியானம், மாமா. அம்மாவின் தம்பி. எதிர்வீடு. சார்ஜர் கேட்டு வந்தவர் கேட் ஓரக் கம்பியின் முடிச்சை ஒரு விரற்கடை உயர்த்தினார்.

"உங்க வீட்டுத் தண்ணியெல்லாம் தெருவுக்கு வந்தா நேரா எங்க வாசலுக்குத்தானே மாப்ள வரும்? லேசா தூக்கி விட்டிருக்கேன். ஒண்ணும் தெரியாது. அக்காகிட்ட சொல்லாத, அத்தான்கிட்ட சுத்தமா சொல்லாத."

ஒரே நூலைப் பற்றி மூன்று ரகசியங்கள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. பாத்துக்கலாமோ தினமும் வருவார், நூலைப் பார்ப்பார், நூல் சொன்னபடி செய்வார். நூல் ஏறியிருந்தால் மண் கொட்டுவார். இறங்கியிருந்தால் வெட்டி அள்ளுவார். நேற்று கொட்டிய மண்ணை இன்று வெட்டுகிறோமே என்று அந்த மனிதருக்கு ஒரு சின்ன சந்தேகம்கூட வரவில்லை. நான் தண்ணீர் தெளிப்பேன். அவர் அதிரும் மெஷினை வைத்து இறுக்குவார். மறுநாள் இறுக்கியதைக் கடப்பாறையால் பெயர்ப்போம். அந்த வாரம் எங்கள் வீட்டு மண் பார்த்த இட மாற்றத்தைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணே, ஒரு நாள் மேடு, ஒரு நாள் பள்ளம். உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"நூல் அப்படித்தானே தம்பி இருக்கு?"

"நூல் ஏன் அப்படி இருக்குன்னு?"

"அதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். மீதியை நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் வானம் இருண்டு வந்தது. லாரியில் வந்த பிளாக்குகளைத் தெருவில் அடுக்கிவிட்டுப் போனார்கள். தையல் அறையில் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்து முடிந்து, இடம் போதாமல் தரையிலேயே கட்டுக்கட்டாக இருந்தன. பள்ளி திறக்கப்போகிறது. பாத்துக்கலாம் கடைசியாக ஒருமுறை மண்ணை இறுக்கிவிட்டு, "நாளைக்குக் காலையில கல்லு பதிச்சிடலாம் சார்" என்றார். அன்று காலை நூலைத் தொட்டவர் அப்பா. மத்தியானம் மாமா. அம்மாவுக்கு இன்னும் முறை வரவில்லை.

அப்பா கேட் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடினார். "பிரமாதம். என்னா ஓட்டம்! என் கண்ணு சொன்னா தப்பாதுடா."

"ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்துடலாமேங்க" என்றாள் அம்மா.

"இறுக்கின மண்ணுல யாராவது தண்ணி ஊத்துவாங்களா? பேசாம இரு."

"ஊத்திப் பாக்கலாம் அக்கா" என்றார் மாமா. அவர் உயர்த்திய கேட் முடிச்சின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"வேணாங்குறேன்ல மச்சான்!"

"அவன் சொன்னா மட்டும் வேணாம்பீங்க!"

மூன்று பேரும் பேச, பாத்துக்கலாம் ஒரு பிளாக்கின்மேல் உட்கார்ந்து டீ குடித்தார். என் கையில் ஹோஸ் இருந்தது. வாரம் முழுக்க என் கையில் அது மட்டும்தான் இருந்தது. கேட் ஓரத்தில் அதைக் கீழே வைத்தேன். பிறகு குழாயை முழுசாகத் திறந்தேன்.

தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. கேட்டைப் பார்த்தது. பிறகு மனம் மாறி, இறுக்கிய மண்ணின்மேல் வழவழவென்று, யாரோ கூப்பிட்டதுபோல ஷெட்டை நோக்கிக் கிளம்பியது.

"டேய்! மூடுடா!"

மூடினேன். அதற்குள் முன்னணிப் படை கதவுக்கடியில் புகுந்துவிட்டது. அம்மா ஓடினாள். அப்பா ஓடினார். மாமா ஓடினார். சீருடைக் கட்டுகளை ஆளுக்கு ஒன்றாக மார்போடு அணைத்துத் தூக்கினார்கள். ஒரே ஒரு கட்டின் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. அம்மா அதை மேஜைமேல் வைத்தாள். விளக்கில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

அப்பா முந்திக்கொண்டார். "இந்தாம்மா, இது குழாய்த் தண்ணி. மழைத் தண்ணிதான் கணக்கு."

"என் துணிக்கு அந்த வித்தியாசம் தெரியுமாங்க?"

அப்பா மேஜைப் பக்கம் போனார். நனைந்த கட்டின் ஓரத்தைத் தன் வேட்டி நுனியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். அப்படி அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யார் எப்போது எந்தப் பக்கத்தை ஏற்றினார்கள், இறக்கினார்கள், யாரிடம் சொல்லாதே என்றார்கள், எல்லாம்.

 மூன்று பேரும் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.

"படிக்காக என் தொழிலைத் தண்ணியில முக்கப் பாத்தீங்களா?"

"நீ மட்டும்? நீ ஏத்தினதுக்குப் பாதை கட்டிருந்தா அது சறுக்குமரம்!"

"அத்தான், கத்தாதீங்க..."

"நீ பேசாதடா! உன் வாசல் நனையக்கூடாது, உங்கக்கா நனையலாமா?"

பாத்துக்கலாம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு யோசனை தெரிந்தது. "சார், படி எப்படி முழுகும்? நான் கட்டின நூல் மண்ணோட உயரம் இல்ல. பிளாக்கோட மேல்மட்டம். மண்ணு அதுக்குக் கீழதான் நிக்கும். படி அது பாட்டுக்கு இருக்கும்."

அப்பா குனிந்து படியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க ஏத்தினதுக்கு பிளாக் போட்டா உங்க ஷெட் கதவே திறக்காது. வெளிப்பக்கம்தானே திறக்குது?"

அம்மா கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள்.

"இதை முதல் நாளே ஏன் சொல்லல?" என்றேன்.

"யாரும் கேக்கலையே தம்பி."

அவரை ஹோஸால் நனைத்துவிடலாமா என்று யோசித்தேன். குழாயை மூடியிருந்தேன். மனிதர் தப்பித்தார்.

"மாமா வீட்டு வாசலுக்குத் தண்ணி?" என்றேன்.

"கேட்டுக்குக் குறுக்கால ஒரு கால்வாய் வெட்டி, மேல கம்பிச் சட்டம் போட்டு, பக்கத்துச் சாக்கடையில விட்டுடலாம்."

மாமா வேகமாகத் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் என்று தெரிந்திருந்தால் சார்ஜர் கேட்டு வந்திருக்கவே மாட்டாராம்.

மறுபடி மட்டம் பார்த்தார்கள். ஷெட் பக்கம் டியூபைப் பிடிக்க அம்மாவே வந்தாள். "இனிமே என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்." டியூபை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். தள்ளிப் பிடித்தாள். மறுபடி கிட்டே. அப்பா பக்கத்தில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். மெல்லிய பழுப்பு ஃபிரேம். எத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிந்தாரோ.

அம்மா அதைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். டியூபுக்குள் தண்ணீர் நிற்கும் கோட்டைப் பார்த்தாள். "இங்கதான். இந்தக் கோடு. கட்டுங்க." கட்டியபின் முடிச்சின்மேல் தையல் மெஷின் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, மீதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குப்பின் அதை அவிழ்க்க எங்கள் குடும்பத்தாலும் முடியாது. நூலின் தொங்கும் முனை காற்றில் ஆடியதால், விளக்கிலிருந்து மாமா கொடுத்த சாவியைக் கழற்றி அதில் கனத்துக்குக் கட்டிவிட்டாள்.

மறுபடி வெட்டினோம், கொட்டினோம், தெளித்தேன், இறுக்கினார். கேட்டுக்குக் குறுக்கே கால்வாயும் வெட்டியாயிற்று. கல் பதிப்பது மட்டும் தள்ளிப்போனது. கல் இல்லாத அந்த மண்ணின்மேலேயே மழை வந்துவிட்டது. ஷெட் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்று பார்த்தோம். தண்ணீர் கதவுக்கு முன்னால் விழுந்தது. கொஞ்சம் நின்றது. அப்பா என் தோளைப் பிடித்து நசுக்கினார். பிறகு அது திரும்பி, கேட் பக்கம் போனது. கால்வாய்க்குள் இறங்கியது.

"அக்கா, அந்தக் கடை ரூமு..." என்றார் மாமா.

"சாவி அங்கதான் தொங்குது. மழை விட்டதும் எடுத்துட்டுப் போ."

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் தையல் அறையில் போய் உட்கார்ந்தார். கண்ணாடி அம்மாவின் மூக்கில் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். எழுந்து போகவா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்கூட்டர் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஊசியை நீட்டினாள்.

"தண்ணி பாக்கத்தான் இது. ஊசிக்கெல்லாம் ஒத்து வராது."

"என் தலையெழுத்து" என்றார் அப்பா. கோக்க ஆரம்பித்தார்.

வெளியே பாத்துக்கலாம் என்னைக் கூப்பிட்டார். மழையில் ஊறிய மண் காய வேண்டுமாம், காய்ந்தபின் மறுபடி தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டுமாம். லீவு முடிவதற்குள் ஆகிவிடுமா என்று கேட்க வாயெடுத்தேன். பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை.