பெர்பெத்துவாவின் குரைக்கும் கால்

பெர்பெத்துவாவின் இடது கெண்டைக்கால் முதன்முதலாகக் குரைத்தது, பனாய் தீவின் கடலோரச் சந்தையில் அவள் பால்மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தபோது. அந்த ஆண்டு மழை தாமதம். மீன் விலை ஏறியிருந்தது. சில வாரங்களுக்கு முன் அதே இடத்தில்தான் ஐஸ் ஆலை முதலாளி இல்தெஃபோன்சோவின் கறுப்பு நாய் அந்தக் காலைக் கவ்வியது. கயிறில்லாமல், கழுத்துப்பட்டையில்லாமல் மீன் கூடைகளுக்கு நடுவே புகுந்து, ஒரு கைப்பிடிச் சதையைப் பிய்த்து அவள் கண்ணெதிரிலேயே விழுங்கிவிட்டு மறுபடி கவ்வியது. இரண்டு பேர் அரிவாள் பிடியை அதன் வாய்க்குள் செருகி நெம்பித்தான் காலை எடுக்க முடிந்தது. முதலாளி ஸ்கூட்டரைவிட்டு இறங்கவில்லை.

"அது வெளையாடுது. நீ ஏன் கால ஆட்டுன?" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். குழி மூடியது, குரல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

குரைப்பின் பொருளை ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. அந்த நாய் முதலாளி வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் கால் உறுமும். உடனே தாய்மார் பிள்ளைகளை மீன் மேசைமேல் ஏற்றுவார்கள், கடைக்காரர்கள் கதவை இழுத்துவிடுவார்கள். அப்படியும் காது மந்தமான வண்டிக்காரன் ஒருவன் இரண்டு விரல்களை இழந்தான். தேவாலய வாசலில் ஒரு சினை ஆடு குடல் சரியக் கிடந்தது. பூசை நடுவே கால் உறுமும்போது பெர்பெத்துவா பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு அழுவாள். ஊர்த்தலைவரிடம் முறையிட்டாள். அவர் முதலாளி மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர். முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். கட்டிப்போட்டால் அதன் மனசு ஒடிந்துபோகும் என்று பதில் வந்தது. ஊர்த்தலைவர் அதற்குமேல் கேட்கவில்லை. இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று.

நாய்களின் காவலரான புனித ரோக் திருவிழாவில் தேர் சந்தை முனையில் திரும்பியபோது கால் உறுமவில்லை, ஊளையிட்டது. சரவெடிச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. தேரில் புனிதரின் காலடியில் மரத்தில் செதுக்கி நின்ற நாய் வாலைக் கவட்டைக்குள் இடுக்கிக்கொண்டதைத்தான் கூட்டம் முதலில் பார்த்தது. வெடிக்கு மிரண்ட கறுப்பு நாய் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. மெழுகுவர்த்தி ஏந்திய ஒரு பெண்ணின் தோளைக் குதறியது. மேளக்காரனின் தொடையைக் கிழித்தது. இல்தெஃபோன்சோ ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தார். பிடிக்க அதன் கழுத்தில் ஒன்றுமே இல்லை. ரோமத்தைப் பற்றிய கையை அது எலும்பு தெரியக் கடித்தது, பிறகு கன்னத்தைப் பிய்த்தது. மற்றவர்கள் சிதறி ஓட, பெர்பெத்துவா நொண்டிக்கொண்டு போய் மீன் கத்தியை அதன் விலாவுக்கடியில் இறக்கினாள். இரண்டாம் தரமும் இறக்கினாள். சூடான ரத்தம் முழங்கைவரை வழிந்தது. சாகும்போது நாய் நடுங்கியது. அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே கிடந்த இல்தெஃபோன்சோ, ஏன் இப்படிப் பண்ணிற்று என்று வாயில் ரத்தம் நுரைக்கக் கேட்டார்.

"நாய் பயந்துபோச்சு முதலாளி," என்றாள் பெர்பெத்துவா. "நீங்கதான் இத்தன வருசமா பயப்படவே இல்ல."

அவர் பிழைத்தார். மேளக்காரன் பிழைக்கவில்லை. முதலாளியின் கடிபட்ட வலது கை குரைக்கவில்லை. யாராவது மேளம் தட்டினால் மட்டும் தேம்பித் தேம்பி முனகியது. அதன்பிறகு அவர் எந்த ஊர்வலத்துக்கும் போகவில்லை. கறுப்பு நாயைப் புதைத்தும் பெர்பெத்துவாவின் கால் அடங்கவில்லை; தெருவில் எந்த நாய் தனியாகத் திரிந்தாலும் உறுமியது. ஊரில் ஒவ்வொருவராகத் தங்கள் நாய்களைக் கட்டத் தொடங்கினார்கள்.

அடுத்த கோடையில் மாகாணத் தலைநகரிலிருந்து நாய்களுக்கு ஊசி போட ஒரு இளம் மருத்துவர் வந்தாள். வரிசையில் நாய்களுக்கு நடுவே இல்தெஃபோன்சோவும் பெர்பெத்துவாவும் நின்றார்கள். அவர் கையை நீட்டினார், இவள் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தினாள். மருத்துவர் காலையும் கையையும் பார்த்தாள், முகம் மாறவில்லை.

"தொடலாமா மனாங்? கடிக்காதுல்ல?" என்று அக்கா முறைவைத்துக் கேட்டாள்.

"புது ஆளுன்னா மொதல்ல மோந்து பாக்கணும்," என்றாள் பெர்பெத்துவா.

மருத்துவர் மண்டியிட்டு, விரல்களை மடக்கிப் புறங்கையைக் கெண்டைக்காலருகே கொண்டுபோய், அது மோந்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.