பதினாலாம் நம்பர் அன்னம்

முடிவுக்கோட்டில் ஸ்வெட்டரோடு நிற்க வேண்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான். பத்து கிலோமீட்டர் ஓட வேண்டியவள் என் மனைவி.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஓடும் முதல் ஓட்டம். ஒரு வருடமாக மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து ஏறியவள், நாங்கள் குடியேறிய இந்தக் குளிர் ஊரில் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் இயற்கைப் பூங்காவின் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் முடிக்கிறப்ப நீங்க அங்க நிக்கணும். கடைசியா வந்தாலும் பரவால்ல. உங்களைத் தேடுற மாதிரி மட்டும் வெச்சுடாதீங்க."

அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் டிப்ளமா வாங்கிய விழாவுக்கு நான் ஒரு குறுக்கு வழியில் போனேன். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்பானேன் என்று நானும் கொஞ்சம் அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். கூரியர் கம்பெனியில் ரூட் சூப்பர்வைசர். எந்த வேன் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறவன். ஜன்னல் இல்லாத அறையில், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

காலை ஒன்பது மணி. பூங்கா வாசலில் விசில் ஊதினார்கள். கூட்டம் கிளம்பியது. கூட்டத்தின் கடைசியில் என் மனைவி, வலது காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைத்தபடி, மரங்களுக்குள் மறைந்தாள்.

"கிளம்பலாமா மாப்பிள்ளை?" என்றார் அத்தை.

அத்தை என்றால் என் மாமியார். 'அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க' என்று மனைவி சொன்னபோதே, துணைக்கு அல்ல, காவலுக்கு என்று புரிந்துவிட்டது. அத்தை என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அதற்கு நேரடியாகத் திட்டிவிடலாம்.

முடிவுக்கோடு பூங்காவின் மறுகோடியில். வாசலில் நின்ற தொண்டர் பெண் தெளிவாகத்தான் சொன்னாள்.

"மஞ்சக் கம்பத்தைப் பாத்துக்கிட்டே போங்க சார். சுத்திப் போகும். நாப்பது நிமிஷம். தாராளமா டைம் இருக்கு."

சுற்றிப் போகும். அந்த வார்த்தை என் காதில் விழுந்த கணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பக்கத்தில் ஒரு வரைபடப் பலகை. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போய், சாயம் போன வேட்டி மாதிரி இருந்தது. மஞ்சள் பாதை குடல் மாதிரி வளைந்து வளைந்து போனது. அதன் நடுவே நீலப் பாதை ஒன்று, ஸ்கேல் வைத்து இழுத்தது போல, வாசலிலிருந்து நேராக மறுகோடிக்கு.

"பாத்தீங்களா அத்தை? பாதி தூரம்கூட இல்ல. நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் இந்த மஞ்ச ரூட்ல வண்டி எடுத்தா அன்னிக்கே மெமோ."

அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பலகையை ஆராய்ந்தார்.

"நடுவுல இவ்ளோ பெருசா வெள்ளையா இருக்கே, அது என்ன?"

"வெட்டவெளி அத்தை."

"நீலக் கோட்டு மேல ஏதோ படம் போட்டிருக்கே."

ஆறு இதழோடு ஒரு சின்னம், பாதி உதிர்ந்து கிடந்தது.

"பூ. பூந்தோட்டம் வழியா போகுதுன்னு அர்த்தம்."

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நடந்தோம். நீலக் கம்பங்கள் நெஞ்சு உயரத்துக்கு வரிசையாக நின்றன. எதற்கு இவ்வளவு உயரம் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கண்ணில் பட்ட பெஞ்சில் எல்லாம் அத்தை உட்கார்ந்து, கால் நீட்டி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து எழுந்தார். எதிரில் ஒரு ஜீவன் வரவில்லை.

"யாரையுமே காணோமே" என்றார்.

"எல்லாரும் சுத்திக்கிட்டு இருப்பாங்க."

முக்கால் மணி நேரம் கழித்து மரங்கள் விலகின.

வெட்டவெளி வந்தது. அதில் தண்ணீர் நிறைந்திருந்தது.

ஏரி. அக்கரை புகைமூட்டமாகத் தெரிகிற அளவுக்கு ஏரி. கடைசி நீலக் கம்பம் கரையில் ஈர மண்ணில் நின்றது. அதில் ஒரு தகடு. வாசித்தேன்.

'பனிச்சறுக்குப் பாதை. ஏரி உறைந்த பிறகு மட்டும்.'

அந்தத் தகட்டில் சின்னம் உதிராமல் முழுசாக இருந்தது. பூ இல்லை. பனித்துகள். பனியில் புதைந்தாலும் தெரிய வேண்டும் என்றுதான் கம்பத்துக்கு அந்த உயரம்.

அத்தை தகட்டை வாசித்தார். ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உறைய எத்தனை மாசம் ஆகும் மாப்பிள்ளை?"

அக்கரையில் ஆரஞ்சு நிறத்தில் காற்றடைத்த வளைவு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. முடிவுக்கோடு. ஒலிபெருக்கியில் யாரோ யார் பெயரையோ கூவிக் கைதட்டச் சொல்வது தண்ணீர் மேல் மிதந்து வந்தது. ஆட்கள் வந்து சேர ஆரம்பித்துவிட்டார்கள். வாசலுக்குத் திரும்பி மஞ்சளைப் பிடித்தால், நான் போகும்போது மறுபடியும் நாற்காலிதான் அடுக்க வேண்டும்.

கண்ணை ஓட்டினேன். இடது பக்கம் ஒரு சின்னப் படகுத்துறை. அதில் வரிசையாகப் பெடல் படகுகள். எல்லாம் அன்னப்பறவை வடிவம்.

"இதுல அக்கரைக்குப் போகலாமா?" என்று படகுக்காரம்மாவைக் கேட்டேன்.

"போகலாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி மிதிக்கணும். இல்லேன்னா வட்டம் போடும். வலது பக்கம் கோரையா இருக்கும், அங்க மட்டும் போயிடாதீங்க."

"என் வீட்டுக்காரி, நான் அங்க நிப்பேன்னு நம்பிக்கிட்டு ஓடி வர்றாம்மா."

"அப்ப சீக்கிரம் ஏறுங்க. பதினாலாம் நம்பர்."

பதினாலாம் நம்பர் அன்னத்துக்கு ஒரு கண் இல்லை. ஏறினோம். ஸ்வெட்டர் என் மடியில். மிதிக்க ஆரம்பித்தோம்.

இங்கேதான் எனக்கு இன்னொரு உண்மை தெரிந்தது. பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்த அத்தையின் கால்களில் ஒரு டிராக்டர் இருந்தது. இடது பக்கம் அவர் மிதித்த மிதியில் அன்னம் சீறிக்கொண்டு என் பக்கமாகவே திரும்பியது. நான் பல்லைக் கடித்து மிதித்தேன். தொடை நடுங்கியது. சுழலும் நாற்காலியில் வளர்த்த தொடை.

"மாப்பிள்ளை, நீங்க மிதிக்கிறீங்களா?"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை."

"சும்மா கேட்டேன்."

ஒரு வட்டம். இன்னொரு வட்டம். நேராக ஒரு பத்து அடி. மறுபடி வட்டம். அக்கரை மெல்ல நெருங்கியது. வளைவின் அடியில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒருவர் விளம்பரத் துணிகளைக்கூடச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

அக்கரைத் துறைக்கு ஒரு வீட்டு அகலம்தான் பாக்கி. அப்போது அன்னம் கடைசியாக ஒருமுறை வலது பக்கம் திரும்பியது.

கோரை.

அடியில் ஏதோ சுற்றிக்கொண்டது. பெடல் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அத்தை சால்வையை எடுத்து அமைதியாகப் போர்த்திக்கொண்டார்.

"நீந்தத் தெரியுமா மாப்பிள்ளை?"

தெரியாது. அதற்குள் கரையோரப் பாதையின் திருப்பத்தில் அவள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. முகம் சிவந்து, முடி ஒட்டி, காலை இழுத்து இழுத்து. ஆனால் ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள்.

கோட்டைத் தாண்டினாள். மிச்சம் இருந்த நாலு பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மடியிலிருந்த ஸ்வெட்டரின் ஒரு கை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பதினாலாம் நம்பர் அன்னம், உங்களுக்கு உதவி வேணுமா?"

பூங்கா முழுக்கக் கேட்டது. அத்தை எனக்காகச் சால்வையை ஆட்டினார்.

துணி சுருட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கயிற்றை வீசினார். அன்னத்தின் கழுத்தில் கட்டினேன். மறுமுனையை யாரோ இழுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் பதக்கம் ஆட. துறையின் நுனியில், நான் நிற்க வேண்டிய மாதிரி, அவள் நின்றாள்.

கரை ஏறினேன். ஈர ஸ்வெட்டரை நீட்டினேன். வாங்கிப் பிழிந்தாள்.

"ஏம்மா, மஞ்சக் கம்பம்னு வாசல்ல அந்தப் பொண்ணு சொல்லியிருப்பாளே?" என்றாள் அம்மாவிடம்.

அத்தை யோசிக்கவே இல்லை. "எனக்குத்தான்டி படகுல போகணும்னு ஆசையா இருந்துது."

அந்தப் பெருந்தன்மை தாங்கவில்லை. "இல்ல, நான்தான். நீலக் கம்பம். ஏரியை வெட்டவெளின்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தேன். உன்னைத் தேட வெச்சுட்டேன்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தேடவே இல்லைங்க. அந்தத் திருப்பத்துக்கு முன்னாடி கால் விட்டுப்போச்சு. போதும், உக்காந்துடலாம்னு நின்னேன். ஏரியைப் பாத்தா ஒரு அன்னம் வட்டம் போட்டுக்கிட்டு இருக்கு. இந்த உலகத்துல இப்படி வர்றது ஒரே ஒரு ஆளுதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அதனால ஓடினியா?" என்றேன்.

"உங்க கிட்டயும் தோத்துட்டு நான் எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது? அதான் ஓடினேன்."

பதக்கத்தைக் கழற்றி ஒரு நிமிடம் என் கழுத்தில் போட்டாள். போட்டோ எடுத்த பிறகு திரும்ப வாங்கிக்கொண்டாள். கடைசியாக வந்தவருக்குப் பதக்கம் உண்டாம். அதற்கும் பிறகு வந்தவனுக்கு இல்லையாம்.

திரும்பும்போது சுற்றுப் பாதை. ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டு, அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

"மஞ்சள்" என்றேன்.

அடுத்த கம்பம். "மஞ்சள்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் பின்னால் வந்த அத்தை.