அம்மா, காலை நேரம்

ஓவியக் கல்லூரிக் கண்காட்சியில், வாசலுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு என் முகத்தை மாட்டி வைத்திருந்தாள் நான் பெற்ற மகராசி. சும்மா முகம் இல்லை, திட்டுகிற முகம். புருவம் பாதி நெற்றிக்கு ஏறியிருந்தது. மூக்கு விடைத்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. கீழே ஒரு அட்டையில் ‘அம்மா, காலை நேரம்’ என்று எழுதியிருந்தது.

தையல் கடையைப் பூட்டிவிட்டு, இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்தவளுக்கு இது தேவையா? மானம் கப்பலேறிவிட்டது.

மகளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

“அது நான்தான்னு யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, வீட்டுப் பக்கம் வராதே.”

“சரிம்மா.”

என் வீட்டுக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்படியே இருக்கு,” என்றார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் மார்க் போடும் தேர்வாளர் வந்துவிட்டார். போன வருடம் இந்தப் பாடத்தில்தான் மகள் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால் படிப்பே போச்சு. ஆளை நேரில் பார்த்து வரைய வேண்டும், கற்பனையாக இருந்தால் ஃபெயில். அதுதான் விதி.

அவர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது நேர்ல பார்த்து வரைஞ்சது இல்லம்மா, கார்ட்டூன். எந்த மனுஷிக்கும் புருவம் இவ்வளவு மேல போகாது. உங்க அம்மா எங்கே?”

“வரல சார்,” என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் பேனாவைத் திறந்தார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாளாம், கழுதை. எனக்குப் பெற்ற வயிறு பற்றிக்கொண்டு வந்தது.

“எதைப் பார்த்து கார்ட்டூன்ங்கறீங்க? ராப்பகலா முதுகு ஒடிய உட்கார்ந்து வரைஞ்சிருக்கா என் பொண்ணு. ஒரே வார்த்தையில தட்டி விட்டுடுவீங்களா?”

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“அப்படியே இருங்கம்மா. அசையாதீங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு புருவத்திலிருந்து ஒப்பிட ஆரம்பித்தார். மூக்குக்கு வருவதற்குள் எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. கேட்ட நேரத்துக்கு வருமா கோபம்?

“கழுத்து நரம்பைக் காணோமே,” என்றார். மகள் முகம் வெளுத்தது. எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“வரும்போது வீட்டைப் பூட்ட மறந்துட்டேன்.”

“ஆங், இருக்கு. சரியா இருக்கு,” என்று தேர்வாளர் பாஸ் போட்டார்.

சமயத்துக்கு ஒரு பொய்யைச் சொல்லிப் பிள்ளையைக் கரையேற்றினாரே மனுஷன் என்று வழியெல்லாம் அவரை மனசுக்குள் கொண்டாடிக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால், வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் மகள் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டாள்.

“அப்பா, உடனே சமாதானம் பண்ணிடாதீங்க,” என்றாள். “அடுத்த வருஷத்துக்கும் ஒரு படம் வேணும்.”