இரவல் மூக்கு

அந்த ஓவனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வாங்கி இருபத்திரண்டு வருஷம். சூட்டைக் காட்டும் எண்கள் எப்போதோ தேய்ந்துபோயின. உள்ளே எரியும் விளக்கு செத்துவிட்டது. கதவுக் கண்ணாடி பழுப்பேறி, உள்ளே வேகிறது பிஸ்கட்டா செங்கல்லா என்று தெரியாது. ஒருநாள் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆகிவிடும், இன்னொருநாள் அதே தட்டுக்குப் பத்தொன்பது நிமிஷம் பிடிக்கும். திறந்து பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். திறந்தால் சூடு இறங்கி, பிஸ்கட் நடுவில் குழிந்து படுத்துக்கொள்ளும். புதுசு வாங்கச் சொன்னவர்களை எல்லாம் பிளம்பர் வீட்டம்மா ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிட்டாள். அவளுக்குத்தான் மூக்கு இருந்ததே. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிஸ்கட்டை உள்ளே வைத்துவிட்டு, ஓவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிப்பாள். திடீரென்று "ஆச்சு" என்பாள். திறந்தால் ஆகியிருக்கும்.

அக்டோபரில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. காப்பி வெந்நீராக இருந்தது. சோப்பும் வெங்காயமும் ஒன்றாகிவிட்டன. முதல் வாரம் பயந்தாள், அப்புறம் பயமும் விட்டுப்போயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பினாள். "போறதுன்னா அப்படியே போயிடு" என்று சொல்லி அனுப்பியவள் பெற்றவள்தான். மகளுக்கு ரோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றிலிருந்து அப்பாவோடு மட்டும்தான் பேச்சு. என்றைக்காவது அழுகை வரும் என்று வீட்டம்மா காத்திருந்தாள். வரவில்லை. மூக்கோடு நெஞ்சும் சேர்ந்து மரத்துப்போனது போலிருந்தது. எழுந்தாள், சமைத்தாள், படுத்தாள்.

டிசம்பரில் ஒருநாள் பிளம்பர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாப்பாவுக்கு லீவு இல்லையாம். வர முடியாதாம். இந்த வருஷம் குக்கீஸ் உண்டான்னு கேட்டா."

மூன்று மாதத்தில் மகள் அந்த வீட்டிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"உண்டுன்னு சொல்லுங்க" என்றாள் வீட்டம்மா.

சனிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்தால்தான் பண்டிகைக்குள் போய்ச் சேரும் என்று பார்சல் ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலையிலேயே வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் குழைத்து, பட்டைத்தூளும் சுக்கும் போட்டு மாவு பிசைந்தாள். மூன்று தட்டுக்கு வரும். முதல் தட்டைக் கடிகாரத்தை நம்பிப் பன்னிரண்டு நிமிஷத்தில் எடுத்தாள். வெளிறிப்போய், கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. இரண்டாவது தட்டு வேகட்டும் என்று விட்டுவிட்டுத் துண்டுகளை மடிக்கத் தொடங்கினாள். ஏழாவது துண்டை மடிக்கும்போது பிளம்பர் வாசலிலிருந்து ஓடிவந்து ஓவனைத் திறந்தார். புகை குபுகுபுவென்று வந்தது.

"தெரு முனை வரைக்கும் கருகல் நாத்தம். நீ இங்கேயேதானே நிக்கிற?"

"நிக்கிறேன்."

"தெரியலையா?"

"தெரியல. காய்ச்சல்லேருந்து எந்த வாசனையும் தெரியல."

பிளம்பர் கையிலிருந்த ஸ்பானரை மேடைமேல் வைத்தார்.

"அதான் போன வாரம் திரிஞ்ச பால்ல காப்பி போட்டுக் குடுத்தியா?"

"குடிச்சீங்களே."

"நீ கோவத்துல இருக்கியோன்னு பேசாம குடிச்சேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். "சொல்லி?" என்றாள்.

மாவு ஒரு தட்டுக்குத்தான் மிச்சம். மணி இரண்டேகால். அவள் ஸ்டூலை இழுத்து ஓவன் பக்கத்தில் போட்டாள்.

"நீங்க மோந்து சொல்லுங்க."

"நானா? முப்பது வருஷமா சாக்கடையில கிடந்த மூக்கும்மா இது."

கிடந்ததுதான். ஆனால் எந்த மாடியில் எந்தக் குழாய் கசிகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடும் மூக்கு. அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பரீட்சைக்கு உட்காருகிறவரைப் போல உட்கார்ந்தார். அவள் தட்டை உள்ளே தள்ளினாள்.

"இப்ப?"

"பச்ச மாவு."

"இப்ப?"

"வெண்ணெய் உருகுது."

"இப்ப?"

"பட்டை. கூடவே புதுச் செருப்புப் பெட்டியத் திறந்த மாதிரி."

"செருப்பா?"

"நீதானே கேட்ட."

பதினோரு நிமிஷம் போயிற்று. அவர் திரும்பி, "ஆச்சுன்னா எப்படி இருக்கும்? அதச் சொன்னாதானே எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷம் முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடித்த வாசனை, எப்படி இருக்கும் என்று நினைவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"தெரியலங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினாலு நிமிஷம். பதினைந்து.

"பாப்பா கைக்குழந்தையா இருக்கும்போது" என்றார் கண்ணைத் திறக்காமல், "மத்தியானம் தூங்கி எழுந்தா உச்சந்தலையில ஒரு வாசனை வருமே. லேசா வேர்த்து, கொஞ்சம் இனிப்பா."

"ம்."

"அது."

அவள் ஓவனை அணைத்துத் திறந்தாள். ஓரம் சிவந்து, நடுவில் பொன்னிறமாக எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தன. குனிந்து முகர்ந்து பார்த்தாள். முகத்தில் சூடு அடித்தது, அவ்வளவுதான். பிளம்பர் ஒன்றை வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு இன்னொன்று எடுத்துக்கொண்டார். ஆறியதும் டின்னில் அடுக்கி, காகிதம் திணித்து, மூடிக்கு டேப் ஒட்டிக் கொடுத்தாள். மூணு ஐம்பதுக்கு பார்சல் ஆபீசில் ரசீது வாங்கிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "வந்திருச்சா? சரி… சரி" என்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று போனை நீட்டினார். "உங்கிட்ட குடுக்கச் சொல்றா."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"வந்துது" என்றாள் மகள்.

"உடைஞ்சிருந்துதா?"

"ரெண்டு. பரவால்ல."

எப்போ வருவே என்று கேட்கலாம். அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொல்லலாம். இரண்டையும் விட்டுவிட்டு, ஈரம் காயாத கையை மறுபடி சேலையில் துடைத்தாள்.

"அதே வாசனைம்மா" என்றாள் மகள். "திறந்ததும் ரூம் முழுக்க."

"எனக்குத் தெரியலடி."

"என்ன தெரியல?"

"வாசனை. காய்ச்சல் வந்துதில்ல, அதோட மூக்கு போச்சு. உங்கப்பாதான் மோந்து சொன்னாரு. எது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு." போனை மறு காதுக்கு மாற்றினாள். "உன் தலை எப்படி வாசனை வரும்னுகூட ஞாபகம் இல்ல."

மகள் போனை வைத்துவிட்டாள் என்றே வீட்டம்மா நினைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் டின் மூடி திறக்கிற சத்தம்.

"வாசனை எப்படி இருக்குன்னு சொல்றேன்மா. வைக்காத, கேளு."

ஸ்டூல் இன்னும் ஓவன் பக்கத்திலேயே கிடந்தது. வீட்டம்மா அதில் உட்கார்ந்துகொண்டாள்.