கூடுதலாக ஒன்று

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வெங்காய டீச்சர். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக வெங்காய வேரின் நுனியை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் நசுக்கி, ஒரு செல் இரண்டாகப் பிரிவதைக் காட்டுவதுதான் அவள் வேலை. அந்தப் பெயரைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

கல்யாணமாகி எட்டாம் வருஷம் தரித்த குழந்தை, ஐந்தாம் மாதம் வயிற்றிலேயே அடங்கிப்போயிற்று.

கணவன் லிப்ட் மெக்கானிக். காரணமில்லாமல் எந்த லிப்டும் நிற்காது என்பது அவன் கட்சி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், அன்றைக்கு என்ன தூக்கினாய், எத்தனை படி ஏறினாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வேலையை விடச் சொன்னேனே என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான். அவளும் ஒருநாள் ஆய்வுக்கூடத்துப் படிகளை எண்ணிப் பார்த்தாள். முப்பத்திரண்டு.

அதற்கு ஆறாவது வாரம் குழந்தையின் பரிசோதனை முடிவு வந்தது. ஒரு குரோமோசோம் கூடுதல், யாராலும் தடுத்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. அவன் தலையாட்டினான். நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மதியம் அவனை ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னாள். காலையிலிருந்து நாற்பது ஸ்லைடுகளைத் துழாவி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அவன் ஹெல்மெட்டும் கையுமாகவே மைக்ராஸ்கோப்பில் குனிந்தான். சிவந்த குரோமோசோம் இழைகள் இரண்டு கூட்டமாக விலகியிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் கிடந்தது.

"இது ஏன் நின்னுடுச்சு?"

"சில சமயம் நின்னுடும். இது வெங்காயம். ஆனா நம்ம குழந்தைக்கும் இப்படித்தாங்க, பிரியும்போதே தப்பா ஒண்ணு கூடுதலாயிடுச்சு. முட்டையிலயோ விந்துலயோ, கரு உண்டாகுறதுக்கும் முன்னாடியே. நான் எந்தப் படியும் ஏறுறதுக்கு முன்னாடி."

அவன் நிமிரவில்லை. தோள்கள் குலுங்கின.

"உன்னாலதான்னு நினைச்சேன்," என்றான். "தினமும்."

"தெரியும்."

அவனுக்குப் புரிந்துவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. கோபித்துக்கொள்ள இனி இருவருக்கும் யாருமே இல்லை. குழந்தை இல்லை என்பது மட்டும் மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், மேஜையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவன் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு மணி வகுப்புப் பிள்ளைகள் கதவைத் திறந்தார்கள். பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்கள்.